உதட்டோரத்து எண்ணெய்

எழுபதுகளில் வந்த ஷெவர்லே இம்பாலா ஒன்றின் பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் அமரும் இடது பக்கமாகக் குனிந்து, எஞ்சினின் முன்மூலையில் தாழப் பார்த்தால் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகர டப்பா தென்படும். அதன் உருவத்தை வைத்து அமெரிக்க மெக்கானிக்குகள் அதை ‘ஹாம் டப்பா’ என்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சி அங்கே கடைகளில் அப்படியொரு டப்பாவில் விற்கும். டப்பாவுக்குள் எண்ணெயில் மூழ்கியபடி ஒரு சிறிய வார்ப்பிரும்புப் பம்ப் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில், ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டியரிங் கியர் பிரிவு செய்து அனுப்பிய பவர் ஸ்டியரிங் பம்ப் அது. ஷெவர்லேயில் தொடங்கி காடிலாக் வரை அந்தக் குடும்பத்தின் கார்களில் அது இருந்தது. போட்டியாளரான கிரைஸ்லரும் வாங்கிப் பொருத்தியது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தப் பம்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரும்பு உழைக்கிறது, ரப்பர்தான் மூத்துவிட்டது. அதனால் அந்த வயதுக் கார் நிற்கும் இடத்தில், இடது முன்சக்கரத்துக்குச் சற்று உள்ளே, தரையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கும்.

அந்தப் பொட்டிலிருந்து பம்பின் உள்வரை போகும் வழியைத்தான் எழுத நினைக்கிறேன். பிரித்துப் பார்க்காதவர்களுக்கு அது ஒரு பழுது, அவ்வளவுதான். பிரித்தவர்களுக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

சொட்டு விழும் இடத்தை வைத்து ஒழுகும் இடத்தைச் சொல்ல முடியாது. காரின் அடியில் எண்ணெயைக் கீழே இழுப்பது பூமி, பின்னால் தள்ளுவது விசிறியின் காற்றும் ஓட்டத்தின் காற்றும். பம்பின் முன்முகத்தில் கசிந்த எண்ணெய் புல்லியின் விளிம்புக்குப் போய், அங்கிருந்து வட்டமாகத் தெறிக்கும். புல்லிக்கு நேர் மேலே பானெட்டின் அடிப்புறத்தில் ஒரே கோடாக எண்ணெய் படிந்திருந்தால், கசிவு ஷாஃப்ட்டில் என்று பாதி உறுதி. டப்பாவின் முதுகில் கசிந்தது வேறு பாதை பிடிக்கும். தகரத்தின் வளைவில் வழிந்து, ஹோஸைப் பற்றிக்கொண்டு இறங்கி, ஸ்டியரிங் கியர்பாக்ஸின் தலையில் சேர்ந்து, அங்கிருந்து சொட்டும். நல்ல கியர்பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஒழுக்கு நிற்காமல் விழிப்பவர்கள் இந்தப் பாதையைத் தொடராதவர்கள்.

ஆகவே முதல் கருவி ஸ்பேனர் இல்லை, பிரஷ். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தைப் பூசி, தேய்த்து, கழுவி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்த அழுக்கு போனால்தான் புது எண்ணெய் எதுவென்று தெரியும். பிறகு பம்பின் மேலும் ஹோஸ்களின் மேலும் முகப்பவுடரைத் தூவிவிட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுக்க ஒடிக்க, மற்றவர் டார்ச்சோடு வெளியே நிற்க வேண்டும். கடைசிவரை ஒடித்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது. அந்த நேரத்தில் பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் தன் எண்ணெயையே சூடாக்கிக்கொண்டிருக்கும். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கிருந்துதான் வருகிறது.

எண்ணெயின் நிறத்தையும் பார்க்க வேண்டும். பவர் ஸ்டியரிங் ஆயில் வெளிறிய தேன் நிறம். ஆனால் பலர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சிவப்பு ஆயிலையே இதிலும் ஊற்றியிருப்பார்கள். அப்போது தரையில் கிடக்கும் சிவப்பு இரண்டு இடங்களில் எதிலிருந்தும் வந்திருக்கலாம். பழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாக இருந்து இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் தண்ணீர். விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்துச் சொல்லும் இந்தப் படிப்பு அருகிவருவதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கசியக்கூடிய வாய்கள் அந்தப் பம்பில் அதிகமில்லை. தகர டப்பாவும் வார்ப்பிரும்பும் சேரும் இடத்தில் ஒரு பெரிய ஓ-ரிங். டப்பாவைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கும், அழுத்த எண்ணெய் வெளியேறும் நிப்பிளுக்கும் சின்னச் சின்ன வளையங்கள். திரும்பிவரும் எண்ணெய்க்கான ஹோஸில் ஒரு கிளிப். மேலே மூடி. எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தால் மூடி வழியாகப் பொங்கும், அதைக் கசிவு என்று எண்ணிவிடுவார்கள். டப்பாவின் தகரம் நசுங்கியிருப்பதும் உண்டு. பெல்ட்டை டைட் செய்யும்போது கடப்பாரையை வார்ப்பிரும்பில் கொடுக்காமல் தகரத்தில் கொடுத்து நெம்பியவரின் கைவரிசை அது. நசுங்கிய வாயில் எந்த ஓ-ரிங்கும் நிற்காது. கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமாக, முன்பக்கம் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆயில் சீல்.

இந்த ஆயில் சீலுக்கு வருமுன் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். பவர் ஸ்டியரிங் பிறந்ததே கசிவோடு நடந்த ஒரு வழக்கில்தான்.

பிரான்சிஸ் டேவிஸ் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலிருந்த பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். பாரம் ஏற்றிய லாரியின் ஸ்டியரிங் மனிதத் தோளை என்ன செய்யும் என்று தினமும் பார்த்தவர். 1920-களில் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பருத்த டயர்கள் வந்தபோது கார்களின் ஸ்டியரிங்கும் கனத்தது. அவர் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸின் வால்தம் ஊரில் ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். ஜார்ஜ் ஜெஸ்ஸப் என்ற கருவிக் கம்மியரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்புவது என்பது முடிவு. எண்ணெயை எப்படி வைத்திருப்பது என்பதுதான் கேள்வி.

அன்றைய ஹைட்ராலிக் இயந்திரங்களில் வால்வு மூடியிருக்கும், எண்ணெய் உயர் அழுத்தத்தில் எந்நேரமும் காத்திருக்கும், தேவைப்படும்போது வால்வு திறக்கும். தொழிற்சாலைத் தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு அது சரி. குலுங்கி ஓடும் காரில், எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் எந்நேரமும் வெளியேற வழி பார்க்கும். டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். வால்வைத் திறந்தே வைத்தார். பம்ப் சுற்றுகிறது, எண்ணெய் வால்வு வழியே போய்த் தடையில்லாமல் தொட்டிக்குத் திரும்புகிறது. கார் நேராகப் போகும்வரை எண்ணெய் சும்மா சுற்றிவருகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு அந்தத் திரும்பு வழியைக் கொஞ்சம் நெரிக்கிறது. போக இடமில்லாத எண்ணெய் அழுத்தமாக மாறிச் சக்கரத்தைத் தள்ளுகிறது. கையை விட்டால் வழி திறக்கிறது, அழுத்தம் கரைகிறது.

கசிவை வெல்ல அவர் இன்னும் இறுக்கமாக அடைக்கவில்லை. அடைத்து வைக்க வேண்டிய அவசியத்தையே எடுத்துவிட்டார். இந்த ஒரு யோசனைக்காகவே டேவிஸை நான் பெரிய மனிதராக நினைக்கிறேன். இன்றும் அந்த இம்பாலாவில் நேர் சாலையில் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். நின்ற இடத்தில் முழுக்க ஒடிக்கும்போதுதான் அது 1,000 பவுண்டைத் தாண்டும். டயருக்குள் இருக்கும் காற்றுக்கு 30 பவுண்டு என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும்.

அவருக்குக் காலம் ஒத்துழைக்கவில்லை. 1926-இல் தன் பியர்ஸ்-ஆரோ காரிலேயே அதைப் பொருத்தி ஓட்டினார். டெட்ராய்ட்டுக்கு ஓட்டிப்போய்க் காட்டி, ஜெனரல் மோட்டார்ஸோடு ஒப்பந்தமும் போட்டார். காடிலாக்கில் வரும் என்ற நிலையில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1934-இல் ஒப்பந்தம் முறிந்தது. 1936-இல் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு புதிதாகத் தொடங்கினார். போரில்தான் அது பெரிய அளவில் பயன்பட்டது. கவச வண்டிகளின் எடையைக் கையால் திருப்ப முடியாது. பொதுமக்கள் வாங்கும் காரில் அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில், ‘ஹைட்ராகைட்’ என்ற பெயரோடு. அதற்குள் டேவிஸின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாகியிருந்தன. போட்டியாளர் முந்திக்கொண்ட பிறகுதான் ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் அவரைத் தேடி வந்தது. 1952 காடிலாக்கில் பவர் ஸ்டியரிங் வந்தது. வால்தம் பட்டறைக்கும் காட்சிக்கூடத்துக்கும் இடையில் கால் நூற்றாண்டு போய்விட்டது.

நம் பக்கம் இது மிகவும் பிந்தியே வந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியைக் குறுகலான மண்டித் தெருவில் திருப்ப ஓட்டுநர்கள் சீட்டிலிருந்து எழும்பி, உடம்பின் பாரத்தையே ஸ்டியரிங்கில் போட்டதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சென்னையின் ரானே குழுமம் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ நிறுவனத்தோடு சேர்ந்து பவர் ஸ்டியரிங் செய்ய 1987-இல் தனி நிறுவனம் தொடங்கியது. அந்தத் தோள்களுக்கு டேவிஸின் திறந்த வால்வு போய்ச்சேர அவ்வளவு காலம் ஆனது.

மீண்டும் ஆயில் சீலுக்கு வருகிறேன். சீல் என்றால் மூடி என்று நினைக்கிறோம். பாட்டிலுக்குத் தக்கை எப்படியோ அப்படி ஷாஃப்ட்டுக்குச் சீல் என்று. ஆனால் தக்கையும் பாட்டிலும் அசையாமல் இருக்கின்றன. இங்கே எஃகு ஷாஃப்ட் எஞ்சினின் வேகத்தை ஒட்டிச் சுற்றுகிறது. ரப்பர் உதடு அதைத் தொட்டபடி நிற்கிறது. உண்மையாகவே இறுக மூடினால் சில நிமிடங்களில் ரப்பர் கருகிவிடும். அது கருகாமல் இருப்பதற்குக் காரணம், உதட்டுக்கும் எஃகுக்கும் நடுவே எப்போதும் ஒரு எண்ணெய்ப் படலம் இருப்பது. அதன் தடிமன் ஒரு மைக்ரான் அளவில். ஒரு தலைமுடியின் பருமனில் எழுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல சீல் உலர்ந்த சீல் இல்லை. அது ஈரத்தின் மேல் நிற்கும் சீல்.

படலம் இருக்கிறதென்றால் எண்ணெய் அதன் வழியாக ஏன் வெளியே வருவதில்லை? இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. உதட்டின் இரண்டு சரிவுகளும் ஒரே கோணத்தில் வெட்டப்படவில்லை. எண்ணெய் இருக்கும் பக்கம் சரிவு செங்குத்தாக இருக்கும், காற்றுப் பக்கம் தாழ்ந்திருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது ரப்பரின் நுண்ணிய மேற்பரப்பு இழுபட்டு, இந்தச் சமனற்ற கோணத்தின் காரணமாக, விளிம்புக்கு வந்த எண்ணெயை மறுபடி உள்ளேயே தள்ளுகிறது. அதாவது அந்த ரப்பர் வளையமே ஒரு பம்ப். வெளியேற வரும் எண்ணெயை ஒவ்வொரு சுற்றிலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. அதனால்தான் சீலைத் திருப்பி மாட்டினால் அது எண்ணெயை அக்கறையாக வெளியே இறைத்துவிடும். பம்ப் ஒழுகுகிறது என்கிறோமே, அப்போது நின்றுபோயிருப்பது பெரிய பம்ப் இல்லை. அதன் வாசலில் உட்கார்ந்திருந்த சின்னப் பம்ப்.

இன்னொன்று. உள்ளே 1,000 பவுண்டு அழுத்தம் எழும்பும்போதும் அது இந்தச் சீலை எட்டுவதில்லை. சீலுக்குப் பின்னால் சேரும் எண்ணெய் தொட்டிக்கே வடிந்துபோக வார்ப்பிரும்பில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இங்கும் டேவிஸின் வழிதான்.

சீல்களின் பழைய வடிவம் தோல். ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் தோல் பதனிடும் தொழில் நடத்திய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம், வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளரின் யோசனையில், 1930-களின் தொடக்கத்தில் உலோகக் கூட்டுக்குள் தோல் வளையம் வைத்துச் செய்தது. பிறகு தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. ஓ-ரிங்கின் கதை அமெரிக்கப் பக்கத்தது. டென்மார்க்கிலிருந்து குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1937-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு செவ்வகப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். அழுத்தம் கூடக்கூட வளையம் இடுக்கை நோக்கித் தள்ளப்பட்டு மேலும் நன்றாக அடைக்கும். தன்னை எதிர்க்கும் விசையையே தனக்குத் துணையாக்கிக்கொள்ளும் பொருள் இதைவிட எளிமையாக ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை.

இனி வேலை. பெல்ட்டைத் தளர்த்தி, ஹோஸ்களைக் கழற்றி, எண்ணெயைப் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு, பம்பை மேசைக்கு எடுத்துவரலாம். எழுபதுகளின் நடுவுக்குப் பிறகு வந்த பம்புகளில் புல்லி ஷாஃப்ட்டின் மேல் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், நட்டு கிடையாது. அதன் கழுத்திலுள்ள பள்ளத்தைக் கவ்விப் பிடித்து இழுக்க இதற்கென்றே புல்லர் உண்டு. சுத்தியல் இந்த மேசையில் இருக்கவே கூடாது. ஷாஃப்ட்டின் நுனியில் விழும் ஓர் அடி, உள்ளே எண்ணெயைத் தள்ளும் தகடுகள்வரை போகும். பூட்டும்போதும் அப்படித்தான்: ஷாஃப்ட்டின் நடுவிலுள்ள மரையில் திருகி, புல்லியை மெல்ல மெல்ல அழுத்தி ஏற்றும் கருவி உண்டு.

சீலை மட்டும் மாற்ற வேண்டுமானால் பம்பை முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. பழைய பணிமனைக் கையேடுகள் சொல்லும் முறை இது: மிக மெல்லிய உலோகத் தகட்டை ஷாஃப்ட்டைச் சுற்றிச் சுருட்டி, சீலின் உதட்டுக்கு அடியில் நுழைத்து, அடிவரை தள்ள வேண்டும். இப்போது ஷாஃப்ட்டுக்கு ஒரு கவசம் கிடைத்துவிட்டது. பிறகு சிறிய உளியால் சீலின் உலோக விளிம்பை வெட்டி நெம்பி எடுக்கலாம். கவசம் இல்லாமல் நெம்பினால் உளி ஷாஃப்ட்டில் ஒரு கீறல் போடும், அந்தக் கீறல் புது சீலின் வாழ்நாள் முழுவதும் எண்ணெய்க்கு வாய்க்காலாக இருக்கும்.

பழைய சீல் வெளியே வந்ததும் ஷாஃப்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதில் சுற்றிவர ஒரு பளபளப்பான கோடு இருக்கும். நகத்தை நெடுக்காக ஓட்டினால் தட்டும். எஃகில் விழுந்த பள்ளம் அது, போட்டது ரப்பர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இந்தப் பள்ளத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, கல்லைத் தேய்ப்பது எறும்பின் காலாக இருக்காது, காலில் ஒட்டிய மணலாக இருக்கும். ரப்பருக்கு எஃகை அறுக்கும் வலிமை இல்லை. காற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரும் நுண்தூசி அந்த மென்மையான உதட்டில் பதிந்துகொள்கிறது. மென்மையாக இருப்பதால்தான் பதிய முடிகிறது. பிறகு கோடிக்கணக்கான சுற்றுகள். தேய்ந்தது கடினமானது, தேய்த்தது மென்மையானது ஏந்தியிருந்த தூசி.

பள்ளம் நகத்தில் பலமாகத் தட்டினால், புது சீலை அதே இடத்தில் உட்காரவைப்பதில் பயனில்லை. உதடு அந்தப் பள்ளத்தில் சரியாகப் பதியாது. ஒரு வழி, இடம் இருந்தால் சீலை அரை மில்லிமீட்டர் முன்னே நிறுத்தி, உதடு தேயாத எஃகில் படும்படி செய்வது. இன்னொரு வழி, ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றுவது. அதோடு ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. பெல்ட் சத்தம் போடுகிறதே என்று ஒவ்வொரு தடவையும் கூடுதலாக டைட் செய்துவந்த காரில் இது நடக்கும். ஆடும் ஷாஃப்ட்டை எந்த உதடும் பின்தொடர முடியாது.

பம்பைப் பின்பக்கமாகப் பிரிக்க நேர்ந்தால் அது ஒரு நல்ல நாள். போல்ட்டுகளையும் நிப்பிளையும் கழற்றினால் தகர டப்பா உரிந்து வரும். உள்ளே வார்ப்பிரும்பு உடலில் ஒரு பொடித் துளை இருக்கும். அதில் ஊசிமுனைக் கம்பியை விட்டு அழுத்தினால் பூட்டு வளையம் எழும்பும். வளையம் போனதும் ஸ்பிரிங் தள்ளி மூடித்தகடு வெளியே வரும். அதற்கப்பால் ரோட்டர். அதன் பத்துப் பிளவுகளில் பத்துத் தகடுகள். அவற்றைச் சுற்றி நீள்வட்டக் குழி கொண்ட ஒரு வளையம். ரோட்டர் சுற்றும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டு அந்தக் குழியின் சுவரைத் தடவிக்கொண்டு ஓடும். குழி அகலும் இடத்தில் எண்ணெயை அள்ளி, ஒடுங்கும் இடத்தில் பிழிந்து தள்ளும். நீள்வட்டம் என்பதால் ஒரு சுற்றில் இரண்டு முறை அள்ளுகிறது, இரண்டு முறை தள்ளுகிறது. தள்ளும் இடங்கள் இரண்டும் எதிரெதிராக இருப்பதால் ஷாஃப்ட்டின் மேல் அழுத்தம் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. ஹாரி விக்கர்ஸ் என்ற பொறியாளர் 1925-இல் கண்ட அமைப்பு இது. தகடுகளின் வெளிமுனை உருண்டையாக இருக்கும், தட்டையான முனை உள்ளே போக வேண்டும். உடலின் அடியில் ஒரு சிறிய காந்தம் இருக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இந்தத் தகடுகளும் வளையமும் உரசி உதிர்ந்த இரும்புத் துகள் முழுக்கச் சாம்பல் நிறக் குழம்பாக அதில் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுக்கும்போது அந்தக் கார் போன தூரம் முழுவதும் ஒரு விரல் நுனியில் வந்து நிற்கிறது.

இதனால்தான் பம்பை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் பழைய பம்பைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்த பம்ப் ஒன்றை வாங்கிப் போகலாம். விரைவான வழிதான். ஆனால் வருவது யாரோ ஒருவரின் பம்ப், பெயின்ட் அடிக்கப்பட்டது. அதன் வளையத்தில் உள்ள தேய்மானம் எந்தத் தகடுகளால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. பிரித்துக் குவித்த பாகங்களிலிருந்து சேர்த்ததாகவும் இருக்கலாம். நம் பம்பிலோ ஒவ்வொரு தகடும் தன் பிளவோடும் தன் வளையத்தோடும் இத்தனை ஆண்டுகள் பழகியிருக்கிறது. தேவை ஒரு கைப்பிடி ரப்பர் வளையங்கள். அதற்காக இரும்பு முழுவதையும் கைவிடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதிலிருப்பது ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும் ரசாயனம். கொஞ்ச நாள் ஒழுக்கு நிற்கும். பிறகு ரப்பர் தேவைக்கு மேல் தளர்ந்து உருக்குலையும். ஹோஸ்கள், கியர்பாக்ஸின் சீல்கள் என்று நன்றாக இருந்த ரப்பரையும் அது விட்டுவைக்காது. ஒழுக்கு எங்கே என்று பார்க்க மனமில்லாதவர்களுக்குச் செய்த மருந்து. சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே ஒழுகும் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இந்த அலட்சியத்தை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, நேராக அழுத்தி உட்காரவைத்து, பம்பைக் காரில் ஏற்றிய பிறகு ஏர் எடுக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. எண்ணெய் ஊற்றி இரண்டு நிமிடம் சும்மா விட வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து, எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசி முட்டுவரை போகாமல் திருப்பிக்கொண்டிருந்தால் காற்றுக் குமிழிகள் ஏறிவரும். எஞ்சின் ஓடாத இந்த நேரத்தில் ஸ்டியரிங் எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரியும். பவர் ஸ்டியரிங் இல்லாமலே பிறந்த காரைவிட, பவர் ஸ்டியரிங் வேலை செய்யாத கார் அதிகம் கனக்கும். முன்னதில் கையின் பலத்தை நம்பிப் பல்லமைப்பை வகுத்திருப்பார்கள். பின்னதில் சக்கரத்தோடு சேர்த்து அந்த எண்ணெயையும் கையே தள்ள வேண்டியிருக்கிறது. எஞ்சினை ஓட்டியதும் பம்ப் சற்று முனகும், எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்துத் தெரியும். காற்று இருக்கிறதென்று அர்த்தம். நிறுத்தி, நுரை அடங்கவிட்டு, மறுபடி. முனகல் நின்று எண்ணெய் தெளியும்வரை.

இன்று வரும் கார்களில் இந்த வேலை எதுவும் இல்லை. 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் வந்தது. அது இப்போது எங்கும் பரவிவிட்டது. எண்ணெய் இல்லை, பெல்ட் இல்லை, சீல் இல்லை. எரிபொருள் மிச்சம். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: கெட்டுப்போவதற்கு முன் அது தரையில் எதையும் எழுதிக் காட்டுவதில்லை. சாகினாவும் மாறிவிட்டது. 1906 முதல் ஸ்டியரிங் செய்துவரும் ஊர் அது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவாக இருந்தது, கைமாறி, இன்று நெக்ஸ்டியர் என்ற பெயரில் சீன முதலீட்டோடு மின்சார ஸ்டியரிங் செய்துகொண்டிருக்கிறது. ஹாம் டப்பாக்களுக்கான ஓ-ரிங்குகளையும் சீல்களையும் வேறு யார் யாரோ இன்னும் செய்து விற்கிறார்கள், வாங்க ஆளிருப்பதால்.

வேலை முடிந்த காரை மூடிவைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கேடு. ஓடாத காரில் சீலின் உதடு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து, படலம் வற்றி, இறுகிவிடும். அந்தச் சின்னப் பம்புக்குச் சுற்றினால்தான் உயிர். ஆனால் மிச்சிகனில் நவம்பர் தொடங்கி ஏப்ரல்வரை சாலையில் உப்புப் போடுவார்கள், பனி உருகுவதற்காக. உப்பு பட்டால் பழைய காரின் தகடு சில குளிர்காலங்களில் அரித்துப்போகும். ரப்பர் ஓடச் சொல்கிறது, தகடு ஓடாதே என்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் கொட்டகையின் கதவை அகலத் திறந்துவைத்து, முன்சக்கரங்களைத் தாங்கியில் தூக்கி, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் நிதானமாகத் திருப்புகிறார்கள். மழை பெய்து உப்பைக் கழுவிவிட்டுச் சாலை காய்ந்த நாள் கிடைத்தால், அன்று வெளியே எடுக்கிறார்கள்.